மூன்றாம் ஷிஃப்ட்

அறை பதினான்கு. ரோமானோ ஸ்மோக்வினா.
வயது எண்பத்தாறு, எடை ஐம்பத்தொன்று.
இடது குதிகாலில் படுக்கைப்புண்,
நீளம் மூன்று சென்டிமீட்டர்.
பகலில் சாப்பிட மறுக்கிறார்.
இரவில் எழுந்து நடமாடுகிறார்.
'கிளர்ச்சி' என்று குறிப்பேட்டில் எழுதி
இரண்டு முறை அடிக்கோடிட்ட கையெழுத்து
யாருடையதென்று தேட வேண்டாம்.
என்னுடையதுதான்.

மஞ்சள் மாத்திரை கொடுத்ததும் நான்தான்.
மறுநாள் மதியம் சூப்புக் கிண்ணத்துக்கு மேல்
தலை தொங்கித் தொங்கி விழுந்தது,
மூக்கு நுனியில் ஒரு பட்டாணி.
பயிற்சிக்கு வந்த பெண் சிரித்துவிட்டாள்.
பிறகு கழிப்பறைக்குள் போய் அழுதாள்.

பிப்ரவரி. மலையிலிருந்து போரா காற்று இறங்கி
ரியேக்கா துறைமுகத்தைப் பிடித்து உலுக்கிய இரவு.
மணி இரண்டு.
நடைச்சட்டகத்தைப் பற்றியபடி ஜன்னலோரம் நின்றிருந்தார்.
இடது கை முன்னே, வலது கை பின்னே,
கட்டைவிரல் மட்டும் மெல்ல, மிக மெல்ல.
நடுக்கம் என்று எழுதப் பேனாவை எடுத்தேன்.
அப்போதுதான் பார்த்தேன்,
கீழே ஒரு கண்டெய்னர் எழும்ப எழும்ப
அவர் வலது கையும் கூடவே எழும்பியது.
அது காற்றில் ஆடியது. கை நின்றது.
"இறக்கு, மடையா, இறக்கு" என்றார்.
கீழே யாரோ இறக்கினார்கள்.

எத்தனை வருஷம் என்று கேட்டேன்.
முப்பத்தொன்று. எல்லாமே மூன்றாம் ஷிஃப்ட்.
"பகல் எனக்குச் சரிப்படாது, சிஸ்டர்.
பகலில் ஆட்கள் அதிகம்."
சாப்பாடு எப்போது?
"இப்போதுதான்" என்று ஜன்னலைத் தட்டினார்,
கிரேன் கூண்டின் கண்ணாடியைத் தட்டுவதுபோல.
என் டப்பாவைத் திறந்தேன்.
பீன்ஸும் புளித்த முட்டைக்கோஸும் வெந்த நேற்றைய யோட்டா.
மூன்று வாரமாய் ஒரு ஸ்பூனுக்கு வாய் திறக்காதவர்
மூடியில் ஒட்டியிருந்ததையும் வழித்தார்.
அன்று நான் பட்டினி.

புதன்கிழமைக் கூட்டத்தில் சொன்னேன்.
சமையலறை ஏழுக்கே பூட்டிவிடும் என்றார்கள்.
ஒருவருக்கு மட்டும் தனிக் கடிகாரமா என்றார் தலைமைச் செவிலி.
நியாயமான கேள்விதான், அவர் பொறுப்பில் நாற்பத்திரண்டு பேர்.
விழுந்தால் யார் பதில் சொல்வது என்றார் பிசியோதெரபிஸ்ட்.
இரண்டு வாரம் சோதனை என்று முடிந்தது.
மாத்திரையை நிறுத்தி மருத்துவர் கையெழுத்திட்டார்,
என்னைப் பார்க்காமல்.

அதன்பின் இரண்டு மணிக்கு ரொட்டி, மத்தி மீன், வெங்காயம்.
மூன்றுக்குக் கட்டு மாற்றுவேன்.
இடைவேளையில் இருக்கும் தொழிலாளியாய்க்
காலை நீட்டிக்கொண்டு துறைமுக நிர்வாகத்தைத் திட்டுவார்.
புண் இரண்டரை ஆனது. மறுபடி மூன்று. மறுபடி இரண்டரை.
ஒரு நாள் என் மணிக்கட்டை முறுக்கிவிட்டார்.
பெயர் மறந்துபோன நாள் அது. என் பெயரல்ல, அவர் பெயர்.
ஸ்மோக்வினா, ஸ்மோக்வினா என்றேன்.
"அது அத்திமரம்" என்றார்.
சரிதான், அவர் பேச்சில் அதற்கு அதுதான் அர்த்தம்.

கிராட்ஸிலிருந்து மகள் ஓன்டினா போனில் கேட்டாள்,
"பகலெல்லாம் தூங்க விடுகிறீர்களா?"
ஆமாம் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.
எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"எங்கள் வீட்டில் பகலில் யாரும் செருப்புப் போட்டதில்லை.
சத்தமில்லாமல் சிரிக்க ஐந்து வயதிலேயே பழகினேன்.
பியானோ கேட்டேன், வண்ணப்பென்சில் வாங்கித் தந்தார்கள்."
இதற்கான பதில் எந்தப் பாடத்திலும் வரவில்லை.
மன்னிக்கவும் என்றேன்,
எதற்கென்று எனக்கே தெரியாமல்.

ஒரு ஞாயிறு மதியம் வந்தாள். அன்று எனக்குப் பகல் பணி.
அவர் வாய் திறந்து உறங்கிக்கொண்டிருந்தார்.
எழுப்பட்டுமா என்றேன்.
பதில் சொல்லாமல்
வாசலிலேயே குனிந்து ஷூக்களைக் கழற்றினாள்.
சாம்பல் நிறக் காலுறை, பெருவிரலில் ஓர் ஓட்டை.
நாற்காலியை இழுக்கவில்லை,
தூக்கி வைத்து உட்கார்ந்தாள்.

அதை எழுத அந்தத் தாளில் கட்டம் இல்லை.
குதிகால்: இரண்டு புள்ளி நான்கு.
பார்வையாளர்: ஒருவர்.
தூக்கம்: ஆம்.