மூச்சு வாங்குகிறவர்கள்

கம்ப்ரெசரின் உறிஞ்சுகுழாயைக்
காற்று வரும் பக்கம் கட்டுவேன்,
புகைபோக்கியை எதிர்ப்பக்கம்.
இடம் மாறினால்
டீசல் புகையை நெஞ்சில் ஏற்றிக்கொண்டு இறங்குவார்கள்.
எனக்குத் தெரிந்த தொழில் இவ்வளவுதான்:
இருநூறு பார் அழுத்தத்தில்
காற்றை அடைத்து விற்பது.

இறங்கியதில்லை. காதில் கோளாறு.
இறங்குகிறவள் வெல்மின்சே.
என் மனைவி என்பதைப் பயணிகளிடம் சொல்ல மாட்டாள்.
படகுக்காரர் என்பாள்.
வேலை நேரம்.

சாங்கிஹே கடலில் மலைகள் வரிசையாக வருகின்றன.
வடக்கே ஒன்று, எப்போதும் புகை.
தெற்கே ஒன்று, எங்கள் பள்ளிக்கூடத்தை
இரண்டு முறை இடம் மாற்ற வைத்தது.
நடுவில் இருப்பது
இன்னும் தலை நீட்டாதது.
எட்டு மீட்டர் நீருக்குக் கீழே அதன் உச்சி;
மேலிருந்து பார்த்தால்
உலை கொதிக்கிற மாதிரி ஒரு வட்டம்.

மற்ற இடங்களில் குமிழி வெடிக்கும் இடத்தில் ஆள்.
நாலு பேர், நாலு கொத்து.
நீரோட்டம் இழுத்தால் நங்கூரத்தைத் தூக்கிவிட்டு
பின்னாலேயே போவேன்.
இங்கே மலையும் குமிழி விடுகிறது.
பாறை இடுக்கெல்லாம், மணலெல்லாம்,
பவளத்தின் வேரடியிலிருந்து கூட.
கடல் முழுக்க ஆட்கள்.

செவ்வாய்க்கிழமை
சுரபாயாவின் பல் மருத்துவர் ஒருத்தி
பையில் முட்டை வைத்திருந்தாள்.
"கீழே மணல் சுடுமாமே, வேகுமா பார்க்கலாம்."
கூட ஒரு பின்லாந்துத் தம்பதி,
இருவருக்கும் ஒரே மஞ்சளில் துடுப்புகள்.
காலையில் இரண்டாம் சிலிண்டரின் முள்
ஒரு கணம் தயங்கியது.
நகத்தால் தட்டினேன், சரியானது.
நல்லதையெல்லாம் அவர்களிடம் தள்ளிவிட்டு
தட்டியதை வெல்மின்சே முதுகில் மாட்டிக்கொண்டாள்.
அவள் வழக்கம் அது.

ஐம்பது நிமிடம் பேச்சு.
ஐம்பத்திரண்டில் கடிகாரத்தைக் கழற்றி
மடியில் வைத்துக்கொண்டேன்.
ஐம்பத்தைந்தில்
ஒவ்வொரு குமிழியையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தோன்றியது.
இது அவளா. இது சும்மா கந்தகமா.
கடல் நாறியது, தீக்குச்சி உரசியது போல.

அப்போதுதான் கவனித்தேன்.
மலையின் குமிழிக்கு நிறுத்தம் இல்லை.
அது பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கிறது,
திருகாமல் விட்ட குழாய் மாதிரி.
மலைக்கு மூச்சு விடத்தான் தெரியும்,
வாங்கத் தெரியாது.
வாங்குகிறவர்களுக்கு ஓர் இடைவெளி வேண்டும்.

கொதிக்கிற வட்டத்தில் கொதிக்காத கணத்தைத் தேடினேன்.
வெடிப்பு.
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.
வெடிப்பு.
படகின் பின்பக்கம், நான் பார்க்காத பக்கம்,
உள்ளங்கையளவு வெறும் நீர்
திரும்பத் திரும்ப மூடித் திறந்தது.
ஒன்று. அப்புறம் மஞ்சள் துடுப்புக்காரர்களின் ஜோடி.
மருத்துவர், அவசரமாக.
நாலையும் எண்ணி முடித்தபோது
ஆரஞ்சுக் குழல் பலூன் மேலே பீறிட்டு
தண்ணீரில் தள்ளாடி நின்றது.

"நீரோட்டம் திரும்பிடுச்சு, சுற்றி வந்தோம்"
என்றாள் ஏணியில்.
முகத்தில் கண்ணாடி பதிந்த கோடு.
அவளுக்கு மூச்சு வாங்கியது.
உட்கார்ந்தே இருந்த எனக்கும்.

முட்டையைப் படகு விளிம்பில் தட்டினார்கள்:
வெள்ளை பாதி உறைந்திருந்தது,
மஞ்சள் ஒழுகி என் கயிற்றில் விழுந்தது.
எல்லோரும் சிரித்தார்கள். பின்லாந்துக்காரர் படம் எடுத்தார்.
வெல்மின்சே கயிற்றை அலசினாள், சிரிக்காமல்,
என்னைப் பார்த்து, பிறகு சிரித்தாள்.

கரையில் எல்லோரும் போன பிறகு
அவள் சிலிண்டரின் முள்ளைப் பார்த்தேன். முப்பது.
நம்பவில்லை.
முழுதாகக் காலி செய்யக் கூடாது என்பது விதி.
வால்வைக் கொஞ்சமாகத் திருகினேன்.
யாரும் வாங்காமல் மிஞ்சிய காற்று
சீறி வந்து
முகத்தில் அடித்தது,
குளிர்ச்சியாக.