இடப்பக்கம் வெற்றாக

கழுத்துப்பட்டையின் உள்ளே தைக்கிற லேபிள்
ஆறு சென்டிமீட்டர் நீளம்.
டோல்கே என்ற பெயருக்கு அதில் பாதிகூட வேண்டாம்.
இருந்தும் அது வலப்பக்கம் ஒதுங்கியே நிற்கும்,
பஸ்ஸில் பக்கத்து ஆளுக்கு இடம்விட்டு
உட்கார்ந்தவரைப் போல.

பீலஃபெல்டில் எனக்குக் கிடைத்த முதல் வேலை
அந்த லேபிளைத் தைப்பது.
மணிக்கு நூற்றுப்பத்து.
மூன்றாம் மாதம், அந்த அளவு ஜெர்மன் வந்ததும்,
இடப்பக்கம் ஏன் வெற்றாக இருக்கிறது என்று கேட்டேன்.
"டிசைன்" என்றார் ஃப்ராவ் ஷ்ட்ரோட்மான்,
நூல்கண்டை மாற்றியபடி.

எண்பதாம் ஆண்டு மலர் வந்தது,
ஆளுக்கொன்று, கூடவே ஒரு சாக்லேட் பெட்டி.
1907: ரொட்டிக்கடை மாடியில் ஏழு தையல் மெஷின்.
மாவு வாசனையோடு போன முதல் நூறு சட்டை.
போர்க்காலத்தில் காகிதக் காலர்.
பிறகு இந்த ஊரே துணியில் பணம் அச்சடித்த வருஷம்:
சம்பளத்தைவிடச் சட்டைவால் உறுதி என்று
யாரோ சொன்ன பகிடியும் இருந்தது.
1938க்கு ஒரே வரி:
"நிறுவனம் டோல்கே குடும்பத்தின் முழுப் பொறுப்பில் வந்தது."
பக்கத்தைத் திருப்பினால் 1949,
நைலான் சட்டை, சிரிக்கும் மாப்பிள்ளை.

விழாக் கண்காட்சிக்கென்று யாரோ இரவல் தந்த
பழைய சட்டை ஒன்றை
இஸ்திரி போடச் சொன்னார்கள்.
காலரைப் புரட்டினேன்.
லேபிள் முழுக்க எழுத்து:
லோவன்தால் உன்ட் டோல்கே.

ஃப்ராவ் ஷ்ட்ரோட்மான் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.
அவருடைய அம்மா அப்போது காஜா பிரிவில்.
நவம்பரில் ஒரு காலை லோவன்தால்
வழக்கம்போலத் தொப்பியோடு வாசலுக்கு வந்தாராம்.
வாயில்காப்போன், இருபது வருஷமாய் வணக்கம் வைத்தவன்,
அனுமதிச்சீட்டு கேட்டானாம்.
ஜன்னலோரம் இருநூறு மெஷின்.
ஒன்றும் நிற்கவில்லையாம்.

ஒரு நாளைக்கு இரண்டாயிரம் சட்டை செய்தவர்கள்.
அன்றைக்கு அவரை யாரும்
சட்டை செய்யவில்லை.

லேபிளை மட்டும் ஏன் சின்னதாக்கவில்லை?
ரிப்பன் நெய்கிற தறியை மாற்றக் காசு வேண்டும் என்றார்.
பெயரை எடுக்க
ஒன்றும் செலவாகவில்லை.

கண்காட்சியில் அந்தச் சட்டையைக்
கண்ணாடிக்குள் வைத்தார்கள்,
கழுத்துப் பொத்தானை இறுகப் பூட்டி.
இளைய டோல்கே சொற்பொழிவாற்றினார்.
நல்ல மனிதர், எங்கள் கான்டீனுக்கு மீன்கறி கொண்டுவந்தவர்.
கைதட்டினேன், எல்லாரும் தட்டினார்கள்.

திங்கட்கிழமை மறுபடி லேபிள்.
தமிழில் இரண்டு பேரைச் சேர்ப்பதென்றால்
இருவருக்கும் ஒவ்வொரு 'உம்' வேண்டும்.
ஒருவரை வெட்டி எடுத்தாலும்
மற்றவரின் வாலில் அது ஒட்டிக்கொண்டிருக்கும்,
இன்னொருவர் எங்கே என்று கேட்கும்.
ஊசி இறங்க இறங்க
வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்:
டோல்கேயும்.
டோல்கேயும்.
மணிக்கு நூற்றுப்பத்து.