நான்காம் தொட்டி

அல் கர்ஜில் ஆகஸ்ட்.
காலை ஐந்தரைக்கே முப்பத்தெட்டு.
பதினோராயிரம் மாடுகளுக்குக்
கூரையிலிருந்து பனிப்புகை இறங்குகிறது.
எங்களுக்கு ஆளுக்கொரு தொப்பி.

கொட்டகை கழுவிய தண்ணீர்
மூன்று சல்லடை கடந்து
கடுந்தேநீர் நிறத்தில் என்னிடம் வரும்.
முதல் வாரம் என் மூக்கு சண்டை போட்டது.
இரண்டாம் வாரம் ராஜினாமா செய்தது.

நான்காம் தொட்டி என் பொறுப்பு.
பந்தயத் திடல் போல நீள்வட்டம்,
முழங்கால் ஆழம்கூட இல்லை.
துடுப்புச் சக்கரம் ஒன்று
அதையே அதற்குள் ஓடவிடுகிறது:
போய்ச்சேர இடமில்லாத ஆறு.

அதில்தான் பாசி.
ஒன்றாய் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது,
கோடியானால் பச்சை என்று பெயர்.
அம்மோனியா தின்னும், பாஸ்பேட் தின்னும்,
வெயில் தின்னும்.
(வெயிலுக்கா இங்கே பஞ்சம்!)
பகலெல்லாம் பிராணவாயுவை வாரிக் கொடுத்துவிட்டு
இருட்டியதும் கடன்காரன் மாதிரி
திரும்ப வசூலிக்கும்.
அதனால்தான் எனக்கு ராத்திரி ஷிப்ட்.
மீட்டர் இரண்டுக்குக் கீழே இறங்கினால்
காற்றுக்குழாயைத் திறக்க வேண்டும்,
தூங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான் வேலை.

எஞ்சினியர் நூஃப் ஒருநாள்
காலணியால் மணலைத் தட்டிக் காட்டினாள்:
"கீழே இருப்பதும் பாசிதான், தவசி.
அவசரப்படாத பாசி."
நம்முடையதற்கு எத்தனை நாள் என்றேன்.
"பதினொன்று.
அதற்குள் முடியாவிட்டால்
தலைமை அலுவலகம் போன் செய்யும்."

ஜூலையில் ஒரு விடியலில்
தொட்டி பழுப்பாகக் கிடந்தது.
முந்தைய மாலை கீரைக்கடைசல் போல் இருந்தது,
இப்போது பாத்திரம் கழுவிய நீர்.
நூஃப் நுண்ணோக்கியில் குனிந்தவள்
வெகுநேரம் நிமிரவில்லை.
"விருந்து நடந்திருக்கிறது" என்றாள்.
கண்ணுக்கே தெரியாததைத் தின்ன
கண்ணுக்குத் தெரியாத வேறொன்று
வாயைச் சுழற்றிக்கொண்டு வந்திருக்கிறது.
மூன்று, இரண்டு, ஒன்று,
எல்லாத் தொட்டியும் அதே கதை.
ஆய்வகக் குடுவைகளை
முந்தின வாரமே குளிர்பெட்டி கைவிட்டிருந்தது.

அன்றைக்குத்தான் மொஃபிசுல்
தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.
"தொபொஷி பாய், திட்டாதே."
கேம்ப் அறையில், சோற்றுக்குக்கருக்குப் பக்கத்தில்,
டியூப்லைட்டுக்கு அடியில்
இருபது லிட்டர் குடிநீர்க் கேன்.
உள்ளே மரகதம்.
மே மாதமே திருடியது.
எதுக்குடா?
பால்பவுடர் டின்னில் வளர்த்த
கொத்தமல்லியைக் காட்டினான்.
இதை ஊற்றினால் நன்றாக வருகிறதாம்.

கேனை பாபிகிரின் பிக்கப்பில்
பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டிப்போவது போல
மெதுவாகக் கொண்டுபோனோம்.
முதலில் வாளி, பிறகு பீப்பாய், பிறகு தொட்டி.
பதினேழாம் நாள்
சக்கரத்தின் பலகையில் பச்சை ஒட்டியது.
அறிக்கையில் நூஃப் எழுதினாள்:
"கையிருப்பு மாதிரியிலிருந்து மீட்கப்பட்டது."
கொத்தமல்லி அறிக்கையில் இல்லை.

எண்ணெய் எடுத்த நாளில்
கோட்டு போட்டவர்கள் வந்தார்கள்.
ஒரு குப்பி, இருமல் மருந்தளவு.
அதை ஊற்றிய ஜெனரேட்டர்
ஒன்பது நிமிடம் ஓடியது.
படம் எடுத்தார்கள், கைதட்டினார்கள்.
அவர்கள் ஏறிவந்த வண்டிகள்
வெளியே ஏசிக்காக அணைக்காமலே நின்றன,
ஒன்றரை மணி நேரமாக.

நான் தண்ணீரைப் பார்த்தேன்.
பாசி வடித்தபின் மிச்சமானது,
குதிரைமசால் வயலுக்குப் போகப்போவது.
ஒரு குவளையில் பிடித்து
சம்பளச் சீட்டை அதன் பின்னால் வைத்தேன்.
பெயர் தெரிந்தது, எழுத்துப்பிழையோடு.
பிடித்தம் எல்லாம் தெரிந்தது,
கடைசிக் காசு வரைக்கும்.

இன்றிரவு மீட்டர் நாலில் நிற்கிறது.
சக்கரம் தண்ணீரை அறைகிறது,
விடுகிறது,
அறைகிறது.
மொஃபிசுல் மறுபடி ஒரு கேனோடு வருகிறான்.
நான் அந்தப் பக்கம் திரும்பி
காற்றுக்குழாயைச் சரிபார்க்கிறேன்.