அடி எண்ணிக்கை

வெண்ணாற்றுக்கு இந்தப் பக்கம்
நடவு முடிந்து பதினோராம் நாள் வயலில்
முக்காலி நிறுத்தினோம்.
அறுபத்து மூன்றரைக் கிலோ சம்மட்டி
முக்கால் மீட்டர் உயரத்திலிருந்து விழும்.
கம்பி ஒரு சாண் சொச்சம் இறங்க
எத்தனை அடி என்று எண்ணுவது என் வேலை.
முதல் ஆறு மீட்டருக்கு எண்ண ஒன்றுமில்லை.
வழி தெரிந்த வீட்டுக்குள் போவதுபோல்
தன் கனத்திலேயே போய்க்கொண்டிருந்தது.
பதிவேட்டில் எழுதினேன்:
பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம்.

இருபத்தெட்டில் கறுப்புக் களி.
முப்பத்தைந்தில் மணல், அதில் ஒரு சிப்பித்துண்டு.
நாற்பத்தொன்றிலும் ஆறு கொண்டுவந்து போட்டதுதான்.
"இன்னொரு குழாய்" என்று கைகாட்டினான் சுக்தேவ் மாஞ்சி.
அவன் ஊரில் இரண்டு அடியில் பாறையாம்,
கிணறு வெட்டத்தான் காசில்லையாம்.

நீடாமங்கலம் லாட்ஜில் அன்றிரவு
பைல் நீளம் என்ற கட்டத்தில்
22 அழித்து 46 அடித்தேன்.
பக்கத்தின் அடியில்
இரண்டாயிரத்து முந்நூறு கோடி கூடிவிட்டது.
சத்தமே இல்லை.
பக்கத்து அறையில் யாரோ வாய் கொப்பளித்தார்கள்.

வயல்காரர் அமிர்தகடேசன்
மண்ணைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை,
வேகத்தைப் பற்றியும்.
"கடனா?"
கடன்தான், வெளிநாட்டு வங்கி.
"வட்டி?"
நூற்றுக்கு முக்கால், வருஷத்துக்கு.
"மாசத்துக்கா?"
வருஷத்துக்கு. ஐம்பது வருஷம் தவணை.
முதல் பத்து வருஷம் அசல் கேட்க மாட்டார்கள்.
அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.
ஆவணியில் புதுப்பிக்காமல் விட்ட சங்கத்து நகைக்கடன்
காதோரம் வந்து நின்றிருக்கும்.
பிறகு, மெதுவாக:
"அவங்க பணம் பவுன் மாதிரி ஏறிடுச்சுன்னா?"

அதற்கும் ஒரு வரிசை வைத்திருந்தேன்.
அறிக்கைக்கு அனுப்புமுன் மறைத்திருந்தேன்.

வரவுப் பக்கம் மெலிந்திருக்கிறது என்றார்கள் மேலிடத்தில்.
ஜெயசீலி மேடம் ஃபோனில் சொல்லிக்கொடுத்தார்:
இந்த நிலையத்தில் ஏறுவோர், நாளொன்றுக்கு, 4,812.
"ஐயாயிரம்னு போட்டா கேள்வி வரும்மா.
அந்தப் பன்னிரண்டுதான் நம்பவைக்கும்."
போட்டேன்.
நாலாயிரத்து எண்ணூறு பேரும் எண்ணாகவே இருந்தார்கள்,
பன்னிரண்டு பேர் மட்டும் தூங்கவிடவில்லை.
ஒருத்திக்குத் திருச்சியில் டயாலிசிஸ், வாரம் மூன்று முறை.
ஒரு பையன் காதில் வயருடன் தூணில் சாய்ந்திருந்தான்.
ஒருவர் டிக்கெட் விலையைக் கேட்டார்,
மறுபடி கேட்டார்,
மன்னை எக்ஸ்பிரஸுக்கே போய்விட்டார்.
ஆக, பதினொன்று.
எங்கும் திருத்தவில்லை.

முக்காலிக் கால் பட்டு, சேறு கலங்கி,
போன நாற்றுக்கு நஷ்டஈடு
ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய்.
ரசீது எழுதி, வருவாய் முத்திரை ஒட்டி,
அவர் கையெழுத்து வாங்கி அனுப்பினேன்.
புரட்டாசியில் போனது தை பிறந்து திரும்பி வந்தது:
"சேதமானது நாற்றா, பயிரா?
தெளிவுபடுத்தவும்."

பஸ் பிடித்துப் போனேன்.
அறுத்து முடித்திருந்தார்கள்.
தாளுக்கு நடுவே துளை அடைத்த இடம்
ஒரு தாம்பாளம் அகலத்தில் வெளுத்துக் கிடந்தது.
என் பணத்தைத் தருகிறேன் என்றேன்.
வேண்டாமாம், கணக்கில் வரட்டுமாம்.
"இதுவும் அந்தக் கடன்ல சேர்த்திதானே?"
சேர்த்திதான், இதர செலவு.
"முக்கால் வட்டி?"
ஆமாம்.
விரல் மடக்கி எதையோ எண்ணினார்.
"அப்ப இதுல நானும் ஒரு பங்கு கட்டணும்."

சிரித்தாரா என்று பார்ப்பதற்குள்
நெல் லாரிக்கு வழிவிடச் சொல்லி
யாரோ கத்தினார்கள்.
வரப்போரம் ஒதுங்கினேன்.
ஈர மண்ணில் என் குதிகால்
அடி எதுவும் வாங்காமலே
இறங்கிக்கொண்டிருந்தது.