மவுசாக்கலையில் ஒரு கடற்கரை

இரவு பன்னிரண்டரைக்கு
றங்குப்பெட்டி மேல் போன் அதிர்ந்தது.
அங்கே பகல் மூன்று மணி.
"அக்கா, இந்தா பாரு" என்று
தம்பி புவனேஸ்
சென் லூசியாவை எங்கள் கம்பளிக்குள் விரித்தான்.

நீலம்.
சொட்டு நீலம் கரைத்த முதல் வாளியைப் போல
கை வைக்க மனம் வராத நீலம்.
வரிசைக் கட்டில்களில் குடும்பம் குடும்பமாய்
வெயிலைக் காசு கொடுத்து வாங்கியவர்கள்.
ஒரு தகப்பனை அவன் பிள்ளைகள்
கழுத்துவரை மணலில் புதைக்கிறார்கள்.
புதைபடப் புதைபடச் சிரிக்கிறான் அவன்.

எங்கள் கூரைத் தகரத்தில் பனி சொட்டியது.
மஸ்கெலியாவில் மாசி:
பகலில் கொழுந்து கருகும்,
இரவில் பல் கிட்டும்.

தம்பிக்கு அங்கே துவாய் வேலை.
ஒரு நாளைக்கு நூற்றெண்பது துவாய்
மடித்து, அன்னமாக்கி, கட்டிலில் வைக்க வேண்டும்.
இரண்டு அன்னம் மூக்கோடு மூக்கு என்றால்
கலியாணம் முடித்து வந்தவர்கள்.
பெரிசு இரண்டு, சின்னது இரண்டு என்றால் எங்களைப் போல.
மடித்தான், சுருட்டினான், கழுத்தை ஒடித்தான்,
மூன்றே அசைவில் ஒரு பறவை.

"நீ அந்தக் கடல்ல குளிச்சியாடா?"
என்று கேட்டேன்.
"லைன் சரியில்லக்கா, கேக்கல" என்றான்.
படம் தெளிவாய்த்தான் இருந்தது.

பிள்ளைகள் அப்புறம் தூங்கவில்லை.
கவிஷ்கா அட்லஸில் அந்த ஊரைத் தேடி
ஒரு எறும்பு முட்டையைக் கண்டுபிடித்தாள்.
"நாமளும் போவோம்" என்றான் யதுர்ஷன்.
"எங்கடா?"
"ரிசோட்டுக்கு."

நீர்கொழும்புக்கு வேன் பேசினால் இருபத்தெட்டாயிரம்.
இவர் விரலை மடக்கினார், நீட்டினார்,
மறுபடி மடக்கினார்.
பிறகு சொன்னார்:
"டேம் வத்திக் கெடக்கு."

போயா அன்று இறங்கினோம்.
ரொட்டி, கட்டசம்பல், ஒரு போத்தல் நெக்டோ,
கம்பி ஒன்று முறிந்த ஊதாக் குடை.
தண்ணீர் இறங்கி, முழுகிய பழைய கோயில்
படிக்கட்டோடு வெளியே வந்திருந்தது.
சேறு வெடித்த இடத்தைத் தாண்டினால்
லயத்து வாசல் அளவுக்கு மணல்.
நிஜ மணல், மினுக்கம் கலந்தது.
மலைக்குக் கட்டும் படங்கை அதில் விரித்தேன்.

"அலை எங்கம்மா?"
யதுர்ஷன் சட்டி மூடியை எடுத்துப் போய்
தண்ணீரில் அறைந்தான்.
"இந்தா வருது, அடுத்தது, அடுத்தது!"
கரையில் நின்று எண்ணினாள் இவள்.
பதினேழாவது அலையில் அவனுக்குக் கை வலித்தது.

பிறகு அப்பாவைப் புதைத்தார்கள்.
மணல் போதாமல் வயிற்றோடு நின்றுவிட்டது.
அப்படியே தூங்கிப்போனார்,
வாய் திறந்து,
பெரட்டுச் சங்கு கேட்காத தூக்கம்.

எனக்குத்தான் படுக்கத் தெரியவில்லை.
பதினெட்டுக் கிலோ எடுக்காத நாளில்
கைகளுக்குக் கனமில்லை, எங்கே வைப்பது?
எழுந்து போய் இடுப்பளவில் நின்றேன்.
குளிர் எலும்பைத் தட்டிக் கேட்டது.
காலடியில் தட்டையாய் ஏதோ கல்,
யார் வீட்டு வாசலோ.
மூக்கைப் பிடித்துக்கொண்டு
மூன்று முழுக்கு.

தலை துவட்டிய சிவப்புத் துவாயை
மடித்தேன், சுருட்டினேன், கழுத்தை ஒடித்தேன்.
கோயில் படியில் உட்கார்ந்தது
ஒரு கோழி.
எல்லோரும் அதைச் சுற்றி நின்று
போட்டோ எடுத்து அனுப்பினோம்.
"நாங்க குளிச்சோம்" என்று கத்தி
அதையும் பதிந்து அனுப்பினாள் கவிஷ்கா.

இங்கே பின்னேரம் இரண்டு மணி.
அங்கே விடியாத நாலரை.
வேலைக்கு எழும்பியிருக்க வேண்டும்,
உடனே பதில் வந்தது:
"கழுத்த இன்னொரு மடிப்பு மடிக்கணும்க்கா."

பிறகு வெகுநேரம்
அவன் ஏதோ எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது.
அழித்தான் போல. மறுபடி எழுதினான் போல.
ரொட்டியின் கடைசித் துண்டைப் பங்கு வைத்தபோது
வந்து விழுந்தது:

"தண்ணி குளிரா?"