பதினோராவது நாள்

எங்கிட்ட ஒரு சாவி கீது.
நாலடி இரும்பு, தலைப்பக்கம் குறுக்குக் கம்பி.
பூட்டு, கஸ்பா ரோட்டுக்கு நடுவுல
மண்ணுக்கு அடியில.
வலப்பக்கம் பதினேழு சுத்து சுத்துனா மூடிக்கும்.
இடப்பக்கம் பதினேழு சுத்துனா
முதல்ல காத்து வரும்.
கால் மணி நேரம் வெறுங்காத்துதான்.
குழாய்ங்க எல்லாம் ஒண்ணா இருமும்,
பெரியாஸ்பத்திரி வராந்தா மாதிரி.

முன்னாடி நாலு நாளுக்கு ஒருவாட்டி திறந்தேன்.
அப்புறம் ஏழு.
இப்போ பதினொண்ணு.
சூப்பர்வைசர் போன்ல சொல்வாரு,
"பூபாலா, இன்னும் ரெண்டு நாள் தள்ளிப் போட்டுக்கோ."
தள்ளிப் போட்டுக்கறேன்.
என் சம்பளத்தையும் அவரு அப்படித்தான் தள்ளறாரு.

தண்ணிக்கு நாள் ஏறுது,
மத்ததுக்கெல்லாம் காசு ஏறுது.
இருபது ரூபா கேன் முப்பத்தஞ்சு.
எண்ணெய் பாக்கெட்டு விலை அப்படியேதான் கீது,
உள்ள எண்ணெய் இளைச்சுப் போச்சு.
டீக்கடை கிளாசுக்கு
அடிக்கண்ணாடி தடிச்சிட்டே வருது.
மேல்விஷாரம் போற ஆறரை பஸ்ஸ நிறுத்திட்டாங்க.
ஷூ கம்பெனிக்கு அம்சவேணி ஷேர் ஆட்டோவுல போறா;
அவ கூலியில கால்வாசி
வழியிலயே எறங்கிடுது.

ரேஷன் கடையில கட்டைவிரல் வச்சேன்.
"ரேகை விழல."
தொடச்சிட்டு வச்சேன். விழல.
எச்சில் தொட்டு வச்சேன். விழல.
பதினாலு வருஷம் சாவி திருகுன விரல்,
கோடெல்லாம் அந்த இரும்போட போச்சு.
"நீதான் பூபாலன்னு மிஷினுக்குத் தெரியணுமே அண்ணே"ன்னான் பையன்.
கஸ்பாவுல நாய்க்குத் தெரியும் என்னை.
நடுராத்திரி சாவி தரையில உரசுற சத்தம் கேட்டா
குலைக்காது,
எழுந்து தள்ளிப் படுத்துக்கும்.

நம்ம ஊரப் பத்தி சொல்வாங்க இல்ல,
ஆறு கீது தண்ணி இல்ல,
கோட்டை கீது ராஜா இல்லன்னு.
அந்தக் கணக்குல என்னையும் எழுதிக்கோங்க.

"இன்னாப்பா, உங்க வூட்டுக்கு மட்டும் தெனமும் வுட்டுக்கறியா?"
பதில் சொல்றதில்ல.
எங்க தெரு என் லிஸ்ட்டுலயே கிடையாது.
அதுக்கு வேற ஆளு, ஏகாம்பரம்.
அவன எங்க தெருவுல சூழ்ந்துக்கிட்டுக் கத்துனப்போ
நானும் வாசல்ல நின்னு
கூடச் சேர்ந்து கத்தியிருக்கேன்.

போன செவ்வாக்கிழமை, ராத்திரி ரெண்டே முக்கா.
ஜைபுன்னிசா வீட்டு ஜன்னல்ல மட்டும் வெளிச்சம்,
முறத்துல பீடி இலை.
சாவிய இறக்குனதும்
சுவத்துல ரெண்டு தட்டு தட்டினாங்க.
பக்கத்து வீட்டுல ரெண்டு தட்டு.
அடுத்த வீட்டுல.
அப்படியே போச்சு தெருக்கோடி மசூதி வரைக்கும்.
திரும்பிப் பார்த்தா
குடம், பக்கெட்டு, பெயிண்ட் டப்பா,
மூடியில்லாத ஒரு குக்கர்.

"சம்பளம் வந்துச்சா?"
"இந்த வாரம்னாங்கம்மா."
"எங்களுக்கும் ஆயிரம் பீடிக்கு ஏத்தித் தர்றோம்னாங்க,
போன ரம்ஜானுக்கு."
ரெண்டு பேரும் சிரிச்சோம்.
சிரிக்கிற விஷயமா அது?

ஒன்றரை மணி நேரம்தான் கணக்கு.
அன்னைக்கு இருபது நிமிஷம் சேர்த்து வுட்டேன்.
அது அடுத்த தெருவோட இருபது நிமிஷம்.
அங்க யாரோ ஒரு அம்மா
பாதிக் குடத்தோட நின்னிருப்பாங்க.
அவங்க பேரு எனக்குத் தெரியாது,
தெரிஞ்சிக்கவும் இல்ல.

விடிஞ்சதும் சாவியத் தோள்ல போட்டுட்டு வீட்டுக்கு நடந்தேன்.
எங்க தெருமுனையில
கேன் கடைக்காரன் ஷட்டர் தூக்கிட்டு இருந்தான்.
முப்பத்தஞ்சு ரூபா எண்ணி வச்சேன்.
இன்னும் மூணுன்னான்.