ஈய அங்கி

இரவு றெயினால் இறங்கி
முகம் மட்டும் கழுவிக்கொண்டு வந்தேன்.
கொப்பியில் இருபத்தொரு கேள்விகள்.
கிழமைக்கு எத்தனை தியேட்டர் நாள்,
சீ-ஆர்ம் எத்தனை, அதில் எத்தனை வேலை செய்யும்,
முதல் வருசத்தில் ட்ரில் யார் கையில்,
இரவு மூன்று மணிக்குக் கூப்பிட்டால்
பெரியவர் வருவாரா, போனில் வருவாரா.

கண்டியில் கேட்டேன். காலியில் கேட்டேன்.
எல்லா இடத்திலும் எல்லாம் நல்லம்.
நல்லம் என்ற சொல்லை
எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க ஒரு வழியும் இல்லை.

யாழ்ப்பாணத்து வாட்டில்
கால்கள் கட்டிலுக்கு மேலே தூக்கிக் கிடந்தன.
முகமாலையில் மாட்டோடு மோட்டார் சைக்கிளை மோதினவன்.
குருநகரில் வள்ளத்துக்கும் கரைக்கும் நடுவில்
கணுக்காலைக் கொடுத்தவர்.
பனையால் விழுந்தவர் ஒருவர்
முட்டி என்ன மாதிரி, முட்டி என்ன மாதிரி என்று
திரும்பத் திரும்பக் கேட்டார்.
நானும் முழங்காலைத் தட்டிப் பார்த்து
ஒரு பிழையும் இல்லை ஐயா என்றேன்.
அவர் கேட்டது கள்ளு முட்டியை.

றெஜிஸ்ட்ரார் கஜமுகனுக்குக் கண் சிவந்திருந்தது.
"எப்ப படுத்தனீங்கள்?"
"செவ்வாய்."
அன்று வியாழன்.
எழுதினேன்: உண்மை சொல்கிறார்கள், ஒரு புள்ளி கூட்டு.
கீழே: நித்திரை இல்லை, ஒரு புள்ளி கழி.

பெண்கள் உடுப்பு மாற்ற
சேலைன் பெட்டிகள் அடுக்கிய ஒரு அறை.
கதவுக்குக் கொண்டி இல்லை.
சிஸ்டர் எமில்டா வெளியில்
கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றா.

தொடை எலும்புக்கு ஆணி இறக்கும் நாள்.
ஈய அங்கிகள் வரிசையாகத் தொங்கின,
எல்லாம் கொழுத்த ஆம்பிளைகளின் அளவு.
போன இடமெல்லாம் அப்படித்தான்.
தகப்பனின் சேட்டைப் போட்ட பிள்ளை மாதிரி
கணுக்காலில் தட்டத் தட்ட நின்றிருக்கிறேன்,
இடுப்பில் பான்டேஜைச் சுற்றிக் கட்டிக்கொண்டு.
இங்கே, கடைசிக் கொளுவியில் ஒன்று
சின்னது.
போட்டேன்.
முழங்காலோடு நின்றது. தோள் தோளில் இருந்தது.
உட்பக்கம் மார்க்கரால் ஒரு பெயர்: சுகிர்தா.

ஆர் சுகிர்தா?

"ரெண்டு வருசம் இருந்தவ," என்றார் கஜமுகன்,
"சோதினை..."
பிறகு சீ-ஆர்மைத் தள்ளப் போய்விட்டார்.
"கலியாணம் எண்டு கேள்வி," என்றா சிஸ்டர்,
கேள்வி என்ற சொல்லில் கொஞ்சம் நின்று.
பிளாஸ்டர் அறைத் தவநேசன்
மாக் கையோடு நிமிர்ந்தார்.
"அவ ட்ரில் பிடிச்சா எலும்புக்கு நோகாது."
அடுத்த கட்டைத் தண்ணீரில் அமுக்கினார்.

பெரியவர் கெட்டிக்காரர்தான்.
மூன்றாவது படத்திலேயே ஆணி நேராக நின்றது.
போன மாதம் தான் வைத்த தகடு முறிந்த எக்ஸ்ரேயைத்
தானே தூக்கிக் காட்டி
"இது என்ர பிழை" என்றார்.
வேறெங்கும் நான் கேளாத வசனம்.
ஐந்து புள்ளி.

சுகிர்தாவைப் பற்றிக் கேட்டேன்.
கையுறையைக் கழற்றினார். ஒரு கை.
மற்றக் கை.
"கெட்டிக்காரப் பிள்ளை."
பொருந்தாத எலும்பில்
முடி அளவு கறுப்புக் கோடு ஒன்று தெரியும்.
சில படங்களில் அது தெரியாது,
நோ மட்டும் இருக்கும்.

பின்னேரம் பஸ் ஸ்டாண்ட். ஆறிப்போன றோல்ஸ், பிளேன்டீ.
கூட்டிக் கழித்துப் பார்த்தால்
யாழ்ப்பாணம்தான் முதலாவது.
வெள்ளிக்கிழமைக்குள் படிவம் போக வேண்டும்.
மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில்
சிஸ்டர் எமில்டா ஒரு நம்பர் எழுதித் தந்திருந்தா,
நான் கேட்காமலே.

மணி போனது. நாலு தரம், ஐந்து தரம்.
எடுத்த இடத்திலும் ஆஸ்பத்திரிச் சத்தம்,
ட்ரொலிச் சில்லு, பெயர் கூப்பிடும் குரல்.
நான் ஆர், எங்கேயிருந்து கதைக்கிறன்,
எல்லாம் சொன்னேன்.
கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.

"சொல்லுறன்," என்றா.
"முதல்ல நீங்கள் சொல்லுங்கோ,
அந்தக் கதவுக்குக் கொண்டி போட்டாச்சோ?"